மறுமுனை தெரியாத ஹாண்டில்

சைக்கிள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் கேட்டது ஹாண்டிலைப் பற்றி. மடிக்கிற சைக்கிளுக்கு எது நல்லது, நேரானதா, வளைந்ததா, உயர்ந்ததா என்று. இப்போது கடைகளில் விதம் விதமாகத் தொங்குகின்றன. ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டுவது பெரிய வித்தை இல்லை. பூட்டத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். எதைப் பூட்டுவது என்று தெரிந்தவர்கள்தான் குறைவு. அந்தக் குறைந்த பேரில் நானும் ஒருத்தி என்று சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. கொட்டாஞ்சேனையில் என் புருஷன் தொடங்கிய பட்டறையை, அவர் போன பிறகு நான்தான் நடத்தினேன். நான் பூட்டிய ஹாண்டில் கழன்று ஒருவர் விழுந்தார் என்று யாராவது வந்து சொல்லட்டும், பார்க்கிறேன்.

ஆனாலும் ஹாண்டில் என்றதும் எனக்கு ஒரு மனிதரின் கை ஞாபகம் வரும். அதைச் சொல்லாமல் உங்களுக்கு வேறு எதைச் சொன்னாலும் அது பாதிப் பேச்சுத்தான்.

யுத்த காலம் அது. அந்த நாளில் மடிக்கிற சைக்கிளை யாரும் ஆசைக்கு வாங்கவில்லை. கொழும்பில் எந்த இடத்தில் எது வெடிக்கும் என்று தெரியாது. கடை வாசலிலோ வேலை செய்கிற கந்தோர் வாசலிலோ சைக்கிளை விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அதைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆட்களை விலக்கிவிட்டுப் பொலிஸ் நிற்கும். அது என்னுடைய சைக்கிள்தான் என்று சொல்லவே நாக்கு எழாது. அதனால் ஜப்பானிலிருந்து பழைய சைக்கிள்கள் கொன்டெய்னரில் வந்து இறங்கும்போது, அதற்குள் மடிக்கிற சைக்கிள் ஒன்றிரண்டு இருந்தால் அடிபிடிதான். மடித்து உள்ளே கொண்டுபோய் மேசைக்குக் கீழே தள்ளிவிடலாம் அல்லவா.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்காருகிறேன். ஒருவர் பெரிய சாக்கு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து பட்டறைக்குள் இறக்கினார்.

“என்னா தம்பி, ஆடா?” என்று கேட்டேன்.

“இல்லை அக்கா, சைக்கிள். மடிச்சு வைச்சிருக்கிறன்.”

“சைக்கிளுக்கும் முழங்கால் வச்சிட்டாங்களா? எங்க, உக்காந்து எழும்பச் சொல்லுங்க பாப்போம்.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது கையை உதறினார். உதறியதை நான் கவனித்தேன். ஈரத்தை உதறுகிற மாதிரி இல்லை. தூங்கிப்போன காலை உதறுவோமே, அந்த மாதிரி.

“ஏறி ஓடி வரலாமே, ஏன் சுமக்கிறீங்க?”

“ஓடினால் கை விறைக்குது அக்கா. இந்தச் சின்ன விரலும் பக்கத்து விரலும். இரவைக்குச் சரியாகுமெண்டு பாத்தன். இப்ப பகல் முழுக்க அப்பிடியே கிடக்கு.”

அவர் பெயர் குணரத்தினம். நான் குணம் தம்பி என்று கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் மனைவியோடும் மகளோடும் இருந்தார். கொட்டாஞ்சேனையில் என் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மணிக்கூட்டுக் கடையில் வேலை. கைமணிக்கூடு திருத்துகிறவர். பஸ் ஒன்றில் குண்டு வெடித்த செய்தி கேட்ட நாளிலிருந்து, இனிமேல் பஸ்ஸில் கால் வைக்கக் கூடாது என்று மனைவி மகளின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் காலையும் மாலையும் காலி வீதி முழுவதும் சைக்கிள்தான்.

“கையை எதிலயும் முட்டிட்டீங்களா?”

“இல்லை. வயசு போகுதாக்கும் எண்டு நினைச்சன். ஆனா நேற்று ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர மணிக்கூட்டைத் திறந்து வைச்சிருக்கேக்க சாமணம் நழுவிப் போட்டுது. ஒருக்கா இல்லை, மூண்டு தரம். முதலாளி பாத்துக்கொண்டு நிண்டவர். ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு.”

அவருக்கு வேறு தொழில் தெரியாது. அரிசி மணியை விடச் சின்ன ஆணியைச் சாமணத்தால் பிடித்து வைக்கிற கை அது. அந்த இரண்டு விரலும் போனால் வெள்ளவத்தை வாடகையும் இல்லை, மகளின் பள்ளிக்கூடமும் இல்லை. அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. சொல்லித்தானா தெரிய வேண்டும்?

சைக்கிளை விரித்து நானே ஏறி ஒழுங்கை முனை வரை ஓடிப் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஓடுவதைத் தெருவே பார்த்தது. பார்க்கட்டும். சைக்கிளைத் திருத்துகிறவர் அதில் ஓடிப் பார்க்காமல் கதை சொல்லக்கூடாது. போய் வந்ததும் எனக்குப் புரிந்தது. மடிக்கிற சைக்கிளுக்குச் சின்னச் சில்லு. பெரிய சில்லு பள்ளத்தைத் தாண்டிவிடும். சின்னச் சில்லு பள்ளத்துக்குள் இறங்கி ஏறும். அந்த அடி நீளக் கழுத்து வழியாக நேரே ஹாண்டிலுக்கு வருகிறது. ஹாண்டில் நேராக ஒரு தடி மாதிரி. அதைப் பிடித்தால் உள்ளங்கை கீழே கவிழ்ந்து, உடம்பின் பாரம் எல்லாம் சின்ன விரல் பக்கத்து மேட்டில் விழுகிறது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ரோட்டின் ஒவ்வொரு குழியையும் அந்த மேடு வாங்கிக்கொள்கிறது.

“வயசும் இல்ல ஒண்ணும் இல்ல. இந்தத் தடிதான் உங்க கையைத் தின்னுது” என்றேன்.

பழைய பெண்கள் சைக்கிள் ஒன்றின் ஹாண்டில் கிடந்தது. பின்னுக்கு வளைந்து வருகிற வகை. அதைப் பிடித்தால் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும். முதுகு நிமிரும், பாரம் கையில் விழாது. அதைப் பூட்டி, பிரேக் வயர் இரண்டையும் நீளமாக மாற்றி அனுப்பினேன்.

கொஞ்ச நாள் கழித்துக் குணம் தம்பி சிரித்துக்கொண்டு வந்தார். வந்தவுடனே என் கையில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றச் சொன்னார். அது எப்போதும் பிந்தி ஓடும். சட்டைப் பையிலிருந்து கண்ணில் வைக்கிற கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு, என் வேலை மேசையில் கிரீஸ் படாத ஒரு மூலையில் கடதாசி விரித்து, அதைத் திறந்தார். உள்ளே தலைமயிரை விட மெல்லியதாக ஒரு சுருள். அதைச் சாமணத்தால் தொட்டாரா தொடவில்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. பூவில் பூச்சி உட்காருகிற மாதிரி. மூடித் தந்தார்.

“நடுங்கினதோ அக்கா?”

“எனக்கு எங்க தெரிஞ்சிச்சு? மூச்சு விடாமப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“எனக்குத் தெரியும். நடுங்கேல்லை.”

நான் எத்தனையோ பேருக்குச் சைக்கிள் திருத்தியிருக்கிறேன். ஒருவர் தன் கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்து காட்டியது அன்றுதான்.

ஆனால் அடுத்த கிழமை அவர் முகம் விழுந்து வந்தார். வளைந்த ஹாண்டில் அகலமானது. மடித்தாலும் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மணிக்கூட்டுக் கடையோ ஒரு ஆள் திரும்ப இடமில்லாத கடை. மேசைக்குக் கீழே சைக்கிள் போகவில்லை. வந்தவர்களின் காலில் முட்டுகிறது.

“முதலாளி என்ன சொன்னவர் தெரியுமோ? ‘குணம், இது மணிக்கூட்டுக் கடை, மாட்டுப் பட்டி இல்லை. கொம்போட ஒண்டையும் உள்ளுக்குக் கொண்டு வராதை’ எண்டு.”

“வெளியில நிப்பாட்டச் சொல்றாரா?”

“வெளியில நிப்பாட்டினால் பொலிஸ் வரும். உள்ளுக்கு வைச்சால் அவர் விடார். திரும்பவும் அந்தத் தடியைத்தான் பூட்டோணும் போல.”

இந்த இடத்தில்தான் தொழில் தெரிந்தவர் யோசிக்க வேண்டும். அகலத்தைக் குறைக்க எல்லாரும் ஹாண்டிலின் இரண்டு முனையிலும் வெட்டுவார்கள். முனையில் வெட்டினால் கை பிடிக்கிற இடம் போய்விடும், வளைத்ததில் பயன் இல்லை. நான் நடுவில் வெட்டினேன். கழுத்தில் பிடிக்கிற இடத்தில் ஆறு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்துவிட்டேன். மிச்ச இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்ட வேண்டும். வெறுமனே ஒட்டினால் ஒருநாள் ஒடியும். ஓடும் லொறிக்கு முன்னால் ஹாண்டில் ஒடிந்தால் ஆள் இல்லை. அதனால் குழாய்க்குள்ளே இறுகப் போகிற மாதிரி ஒரு இரும்புக் கம்பித் துண்டை நுழைத்தேன். உள்ளுக்குத் துவாரம் உள்ள குழாய் அந்த அளவில் அகப்படவில்லை. கட்டிக் கம்பிதான் இருந்தது. கட்டிக் கம்பி இன்னும் பலம். மேலே சுற்றிவர வெல்டிங் செய்து, அராவி, பெயின்ட் அடித்தேன். ஒட்டு இருக்கிற இடம் தெரியாது. நான் செய்த ஹாண்டில்களில் அதுதான் திறம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

மடித்தால் மேசைக்குக் கீழே போனது. விரித்தால் கைக்கு இதமாக இருந்தது. முதலாளி சொன்னாராம், “இப்ப கண்டுக்குட்டி. பரவாயில்லை” என்று.

பல மாதம் அப்படி ஓடியது. என் பட்டறை வாசலில் நின்றால் சந்தியில் இருந்த செக் பொயின்ட் தெரியும். மண்மூட்டை, தார் பீப்பாய், நான்கைந்து ஆமிக்காரர். குணம் தம்பி இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்து போவார். அவர்களுக்கு அவரைப் பழக்கம். ஒருவன் தன்னுடைய மணிக்கூட்டைக்கூடக் காட்டி, ‘மல்லி, மேக்க பலன்ன’, இதைப் பார் என்று கேட்டிருக்கிறான்.

பிறகு ஒருநாள் அந்த ஆட்களை மாற்றிவிட்டார்கள். வேறு எங்கோ இருந்து வந்த புது ஆட்கள். எந்த முகமும் அவர்களுக்குத் தெரியாது. அந்த நாட்களில் நகரத்தில் எங்கோ சைக்கிளில் குண்டு வைத்துக் கொண்டுவந்தார்கள் என்று கதை வேறு. ஆகவே புதியவர்கள் சைக்கிளைக் கண்டால் ஒரு வேலை செய்தார்கள். கைபிடி ரப்பரைக் கழற்றி ஹாண்டில் குழாய்க்குள் பார்ப்பார்கள். நேரான ஹாண்டில் என்றால் ஒரு முனையில் ரோச் அடிக்க மறுமுனையில் வெளிச்சம் தெரியும். போ என்பார்கள். வளைந்த ஹாண்டில் என்றால் நீளமான பிரேக் வயர் ஒன்றை உள்ளே விடுவார்கள். வயர் மறுமுனையில் வந்தால் போ என்பார்கள்.

ஒரு நாள் காலையில் நான் பட்டறைக் கதவைத் திறந்து விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்புகிறேன். சந்தியில் குணம் தம்பி கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு நிற்கிறார். சைக்கிள் தனியாக நடு ரோட்டில் நிற்கிறது. ஆமிக்காரர் எல்லாரும் மண்மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

வலது பக்கத்தால் வயர் விட்டிருக்கிறார்கள். நடுவில் போய் நின்றுவிட்டது. இடது பக்கத்தால் விட்டிருக்கிறார்கள். அதுவும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஏதோ இருக்கிறது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தத் தெருவில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

முதலாளியைக் கூப்பிடலாம், அவர் நல்ல சிங்களம் பேசுவார். மாதா கோவிலுக்கு ஓடிப் பாதரைக் கூட்டி வரலாம். ஆனால் மண்மூட்டைக்குப் பின்னால் ஒருவன் ரேடியோவில் பேசத் தொடங்கிவிட்டான். டிரக் வரப்போகிறது. டிரக்கில் ஏற்றிவிட்டால் பிறகு யார் வந்து எந்த நல்ல சிங்களத்தில் பேசினாலும் ஆளை இறக்க முடியாது. சிலர் கிழமைக்குப் பிறகு வந்தார்கள். சிலர் வருஷத்துக்குப் பிறகு. சிலருடைய தாய்மார் இன்னும் தேடுகிறார்கள்.

நட்டுக் கழற்றுகிற சாவி ஒன்றையும் இரும்பறுக்கிற வாளையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் ஒரு ஆமிக்காரனின் துவக்கு என் பக்கம் திரும்பியது. அப்போதுதான் கையில் வாளோடு போகிறேன் என்ற புத்தி வந்தது. குனிந்து இரண்டையும் ரோட்டில் வைத்தேன்.

“அக்கே, ஒத்தனம இன்ன!” என்று ஒருவன் கத்தினான். அங்கேயே நில் என்று.

அதிகாரி மாதிரி இருந்தவன் தலையை உயர்த்தினான். இளம் ஆள். கேட்டான், “மேக்க எத்துலே மொனவத தியென்னே?” இதற்குள்ளே என்ன இருக்கிறது?

“யக்கட கெல்லக், மாத்தயா.” ஒரு இரும்புத் துண்டு, ஐயா.

அதற்குப் பிறகு நடந்த பேச்செல்லாம் சிங்களத்தில். நான்தான் இந்த ஹாண்டிலைச் செய்தேன், அகலம் கூட என்பதால் நடுவில் வெட்டி ஒட்டினேன், ஒடியாமல் இருக்க உள்ளே இரும்பு வைத்தேன் என்றேன்.

“ஏன் அப்படிச் செய்தாய்?”

“இவருடைய விரல் விறைக்குது. மணிக்கூடு திருத்துகிறவர்.”

சொல்லும்போதே அது எவ்வளவு நம்ப முடியாத கதை என்று எனக்கே தெரிந்தது. விரல் விறைக்கிறது என்பதற்காக யார் குழாய்க்குள் இரும்பை அடைத்து மறைத்து வைப்பார்கள்? ஒட்டு தெரியாமல் பெயின்ட் வேறு அடித்திருக்கிறேன்.

“நான் வெட்டிக் காட்டுறேன். நீங்க பாருங்க. இரும்பைத் தவிர வேற இருந்தா என்னையும் ஏத்துங்க” என்றேன்.

அவன் ரோட்டில் கிடந்த வாளைக் காட்டினான். “நீயே வெட்டு. அவன் பிடிக்கட்டும். நாங்க இங்க நிற்கிறோம்” என்றான்.

சாவியால் ஹாண்டிலைக் கழற்றிப் பீப்பாய் மேல் வைத்தேன். குணம் தம்பி இரண்டு கையாலும் அதை அமர்த்திப் பிடித்தார். தெருவில் ஒரு சத்தம் இல்லை. கடைக் கதவுகளுக்குப் பின்னால் கண்கள் மட்டும்.

“அக்கா, பயப்பிடுறியளோ?”

“நான் ஏன் பயப்படணும்? உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆடாமப் பிடிங்க.”

“நான் ஆடேல்லை. நீங்கதான் ஆடுறியள்.”

முதலில் நான் மேல் தோலை மட்டும் கீறினேன். ஒரு வாய் திறந்தால் உள்ளே இரும்பு மின்னும், அதைக் காட்டிவிட்டு, பட்டறைக்குக் கொண்டுபோய்த் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம் என்று கணக்கு. குணம் தம்பிக்கும் அது விளங்கியது. “அவ்வளவும் காணும் அக்கா, அவ்வளவும் காணும்” என்று மெல்லச் சொன்னார், அதோடு போதும் என்று. கீறலைத் திருப்பி அதிகாரிக்குக் காட்டினேன். வெயிலில் இரும்பு நன்றாக மின்னியது.

அவன் போதாது என்று தலையை ஆட்டினான். “அந்த இரும்புக்கு உள்ளே? முழுவதும் வெட்டு.”

கட்டிக் கம்பியை வாளால் வெட்டுவது இலேசான வேலை இல்லை. பலமாக இருக்க வேண்டும் என்று நானே தெரிந்து எடுத்த கம்பி. வெட்ட வெட்ட அதன் பலம் எனக்கே தெரிந்தது. நடுவில் வாளின் அலகு சூடேறி நின்றது. குணம் தம்பி எச்சில் தொட்டுத் தடவினார். பிறகு மீண்டும் அமர்த்திப் பிடித்தார். தன் கையைக் காப்பாற்றிய ஹாண்டிலை, அதே கையால் பிடித்து வெட்டக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

இரண்டாகப் பிரிந்தது. அதிகாரி வந்து வெட்டிய முகத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான். வட்டமாக, பளபளவென்று, ஓட்டை ஒடிசல் இல்லாத இரும்பு.

“யக்கட தமா” என்றான். இரும்புதான்.

பிறகு குரலைக் குறைத்துச் சொன்னான்: “அக்கே, எங்களுக்கும் பயம்தான். அடுத்த தடவை மறுமுனை தெரிகிற மாதிரி ஒன்றைப் போட்டுக் கொடு.”

டிரக் வேண்டாம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். குணம் தம்பி ஹாண்டில் இல்லாத சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு என் பின்னால் பட்டறைக்கு வந்தார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். கோப்பை அவர் கையிலேயே இருந்து ஆறிப்போனது.

“அந்த அளவில குழாய் தேடி எடுக்கிறேன், தம்பி. உள்ளுக்கு ஓட்டை உள்ள குழாயை வச்சு ஒட்டினா வயர் போகும். ஒரு கிழமை பொறுங்க” என்றேன்.

“வேண்டாம் அக்கா. பழசைப் பூட்டுங்கோ.”

“பழசு உங்க கையைத் தின்னும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“அக்கா, நான் தலையில கை வைச்சுக்கொண்டு நிக்கேக்க என்ன நினைச்சனான் தெரியுமோ? மகள் பள்ளிக்கூடத்தால வந்து கதவைத் தட்டுவாள், நான் இல்லை எண்டு. விரலைப் பற்றி நினைக்கேல்லை. ரோச் அடிச்சா வெளிச்சம் மற்றப் பக்கம் தெரியோணும். எனக்கு அது காணும்.”

நேரான தடியை எடுத்துப் பூட்டினேன். கைபிடி ரப்பரின் முனையையும் வெட்டித் திறந்து விடச் சொன்னார், கழற்றாமலே பார்க்கட்டும் என்று. அதையும் செய்தேன்.

பிள்ளைகளே, அந்த ஹாண்டிலை வெட்டியதற்காக நான் வருந்தவில்லை. நாளைக்கு அதே இடத்தில் நின்றாலும் வெட்டுவேன். பழசைப் பூட்டியதும் பிழை என்று சொல்லமாட்டேன்; பயந்த மனிதரிடம் விரலைக் கொண்டு நியாயம் பேச முடியாது. ஒரு ஆளைக் காப்பாற்ற எது சரியோ அதைத்தான் இரண்டு பேரும் செய்தோம். சரியானதைச் செய்தும் ஒரு கை போயிற்று. அதுதான் என் நெஞ்சில் கிடக்கிற பாரம். பிழை செய்திருந்தால் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். இதை யாரிடம் கேட்பது?

கை உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் சாமணம் நழுவியது. உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு ஓடினார். பிறகு முதலாளி சின்ன மணிக்கூடுகளை வேறு ஆளிடம் கொடுத்து, சுவர் மணிக்கூடுகளை மட்டும் இவரிடம் கொடுத்தார். பிறகு அதுவும் இல்லை. முன்னுக்கு உட்கார்ந்து மணிக்கூட்டுப் பட்டி விற்கச் சொன்னார். முதலாளியைக் குறை சொல்லமாட்டேன். வேறு ஆள் என்றால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

ஒருநாள் டயர் ஒட்டுவதற்கு வந்தபோது குணம் தம்பி என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: “அக்கா, இந்த ஹாண்டில் போட்டதுக்குப் பிறகு ஒரு இடத்திலயும் என்னை மறிக்கேல்லை. தூரத்திலயே கையைக் காட்டி விடுறாங்கள்.” நன்றி சொல்கிற குரல். நான் டயரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஹாண்டில் கேட்டு ஒருவர் வந்தால் சைக்கிளைப் பார்க்க முன்னர் அவர் கையைப் பாருங்கள். சைக்கிளிலிருந்து இறங்கின பிறகு அந்தக் கை என்ன வேலை செய்யும் என்று கேளுங்கள். எழுதுகிற கையா, தைக்கிற கையா, பிள்ளை தூக்குகிற கையா. மடித்தால் எங்கே வைப்பார் என்பதையும் கேட்டு, நீங்களே மடித்துப் பாருங்கள். இதை எல்லாம் கேட்க உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது. நாங்கள் ஹாண்டிலைக் கைக்காகத் தெரிந்தெடுக்கவில்லை, ரோச் வெளிச்சத்துக்காகத் தெரிந்தெடுத்தோம். நீங்கள் கைக்காகத் தெரிந்தெடுக்கலாம். அதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

யுத்தம் முடிந்து, சந்தியில் இருந்த பீப்பாய்களையும் மண்மூட்டைகளையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, ஒரு கடையில் புது ஹாண்டில் ஒன்றைக் கண்டேன். குறுகலாக, பின்னுக்கு வளைந்து, கட்டு இல்லாமல் ஒட்டு இல்லாமல், மடிக்கிற சைக்கிளுக்கென்றே செய்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சாவிகளையும் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன்.

குணம் தம்பியின் மனைவிதான் கதவைத் திறந்தாள். அதே அறை. சைக்கிள் கட்டிலுக்குக் கீழே மடித்துக் கிடந்தது. அவர் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், “அக்கா வந்திருக்கிறா, தேத்தண்ணி வையும்” என்று ஒரே ஆரவாரம்.

சைக்கிளை விரித்து அந்தத் தடியைப் பிடிக்கச் சொன்னேன். பிறகு புது ஹாண்டிலைக் கையில் கொடுத்து, அதையும் பிடிக்கச் சொன்னேன்.

“எது நல்லா இருக்கு, தம்பி?”

அவர் இதைப் பிடித்தார், அதைப் பிடித்தார். மீண்டும் இதைப் பிடித்தார். என் மனம் நோகாத பதில் ஒன்றை என் முகத்தில் தேடுகிறார் என்று தெரிந்தது.

“நீங்களே சொல்லுங்கோ அக்கா. எனக்கு இப்ப ரெண்டும் ஒண்டுதான். விரல் சொல்லாது.”

மனைவி தேநீரோடு வந்து நின்றாள். “அப்பிடியெண்டா ஏன் அக்கா கஷ்டப்பட்டு மாத்திறியள்? கிடக்கிறது கிடக்கட்டுமே.”

சாவியை எடுத்துப் பழைய தடியைக் கழற்றினேன். பிரேக் வயரை அளந்து, வளைந்ததை வைத்து, அவர் கைக்குப் பொருந்துகிற சரிவு பார்த்துப் பார்த்து இறுக்கினேன். அவருக்குத் தெரியாவிட்டாலும் வளைந்ததைத்தான் பூட்டினேன்.